கடைசி ஸ்டேஷன் ரிச்மண்ட்

2009 வசந்தம். கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ பக்கம், எங்கள் பகுதித் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு 60 டி-ஷர்ட் அடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெர்க்லியில் விசாரித்தேன், விலை கட்டுப்படியாகவில்லை. ரிச்மண்டில் 23ஆம் தெருவில் பாதி விலைக்கு அடித்துத் தருவார்கள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நாங்கள் குடியிருப்பது எல் செரிட்டோவில். அங்கிருந்து காரில் பத்து நிமிஷம். ஆனாலும் ஒரு வருஷமாக ரிச்மண்டுக்குள் நான் கால் வைத்ததில்லை. "லேப்டாப்பை வீட்டுலயே வெச்சிட்டுப் போங்க" என்றாள் மனைவி. வைத்துவிட்டுத்தான் போனேன்.

சின்னக் கடை. ஒரு மெக்சிகோக்காரர், அவர் மகள், ஹீட் பிரஸ் மெஷின் ஒன்று. முன்பக்கம் திருவள்ளுவர், பின்பக்கம் பள்ளியின் பெயர் என்று அந்த மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னாலேயே வந்திருந்த ஒரு கறுப்பினப் பெண்மணி துண்டுச் சீட்டைப் பார்த்து சைஸ் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்மால் 4, மீடியம் 9, லார்ஜ் 12, டபுள் எக்ஸெல் 6. கொஞ்சம் நிறுத்தி, "குழந்தை சைஸ் 2" என்றார். கோடையில் சொந்தபந்தமெல்லாம் கூடி, ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்வது அந்தக் குடும்பங்களில் வழக்கம். அதுவாக இருக்கும் என்று நினைத்தேன்.

மாதிரிச் சட்டை மெஷினிலிருந்து வந்தது. வெள்ளைத் துணியில் ஒரு பையன் சிரிக்கிறான். பின்னால் மேகக் கூட்டம். படத்துக்குக் கீழே இரண்டு தேதிகள். ஒன்றின் மேல் 'சூரிய உதயம்', இன்னொன்றின் மேல் 'சூரிய அஸ்தமனம்'. எண்ணைக் கண்டால் என் புத்தி சும்மா இருக்காது. கழித்துப் பார்த்தேன். 17 வருஷம் சொச்சம்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "உங்க விழா எப்போ?"

"மூணு வாரம் இருக்கு."

"அப்ப உங்களுது அடுத்த வாரம். இவங்களுக்கு நாளைக்குக் காலையில வேணும். இந்த மாதிரி ஆர்டர் எப்பவுமே அவசரம்தான்."

அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க, உங்களைக் காக்க வைக்கிறேன்" என்றார். நான் ஏதோ உளறினேன். அவர் அம்மாவா, அத்தையா, பாட்டியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியே வந்தபோதுதான் கவனித்தேன், கடைக் கண்ணாடியில் இப்படி ஏழெட்டுச் சட்டைகளை மாதிரிக்கு மாட்டியிருந்தார்கள். ஏழெட்டு முகங்கள். கல்யாணப் பத்திரிகைக் கடையில் மாதிரி அட்டை வைத்திருப்பார்களே, அந்த மாதிரி.

அந்த வருஷம் ரிச்மண்டில் 47 கொலை. இரண்டு வருஷம் முன்னால், 2007லும் 47. ஊரின் ஜனத்தொகை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். 80 லட்சம் பேருக்கு மேல் வாழும் நியூயார்க்கில் 2007ல் விழுந்த கொலைகள் 500க்கும் குறைவு. ரிச்மண்டின் விகிதத்தில் அங்கே நடந்திருந்தால் 3,500ஐத் தாண்டியிருக்கும். அமெரிக்காவில் கேங்க் என்றதும் நம் மனசில் வருவது லாஸ் ஏஞ்சலஸும் சிகாகோவும்தான். சினிமா செய்த வேலை. விகிதப்படி பார்த்தால் பல வருஷங்களில் தலையில் நிற்பவை இப்படி யாரும் பேர் சொல்லாத ஊர்கள். நியூ ஜெர்சியின் கேம்டனில் 77,000 பேர்தான். 2012ல் அங்கே 67 கொலை.

சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருப்பவர்களுக்கு ரிச்மண்ட் என்பது ரயிலின் நெற்றியில் எழுதியிருக்கும் பேர். பார்ட் என்ற எங்கள் வட்டார மின்ரயிலில் ஒரு பாதையின் வடகோடி ஸ்டேஷன் அது. நானும் தினமும் சாயங்காலம் 'ரிச்மண்ட்' என்று எழுதிய ரயிலைப் பார்த்து ஓடிப் பிடிப்பேன், கடைசிக்கு முந்தின ஸ்டேஷனில் இறங்கிவிடுவேன். என்னோடு லேப்டாப் பை மாட்டிய அத்தனை பேரும் அங்கேயே இறங்குவார்கள். கதவு மூடும். மிச்சம் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று நான் திரும்பிப் பார்த்ததில்லை.

கடைசி ஸ்டேஷனில் இறங்கி மேற்கே நடந்தால் 'அயர்ன் டிரையாங்கிள்' வரும். மூன்று பக்கமும் தண்டவாளம் சூழ்ந்ததால் அந்தப் பேர். அதைச் சுற்றித்தான் சண்டை. பையன்கள் ஊரை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள்: சென்ட்ரல், நார்த், சவுத். சென்ட்ரல் என்றால் இந்த முக்கோணமும் அதன் அக்கம்பக்கமும். நார்த் என்றால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நார்த் ரிச்மண்ட். அது சட்டப்படி ரிச்மண்ட் நகராட்சியிலேயே சேராது, மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வருகிறது. ஊரின் கொல்லைப்புறத்தில், யாருக்கும் சொந்தமில்லாத மாதிரி விடப்பட்ட இடம்.

ஏன் அப்படி ஆயிற்று என்று எனக்குப் புரிந்தது மூன்று வருஷம் கழித்துத்தான், அதுவும் தற்செயலாக.

2012ல் ரிச்மண்ட் கடலோரத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத் தொழிலாளர்களுக்கான தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையத்தைத் திறந்தார்கள். கைக்குட்டையைத் தலையில் கட்டி, புஜத்தை மடக்கிக் காட்டும் ரோஸி என்ற பெண்ணின் போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள், அந்த ரோஸியின் பேரில் அமைந்த பூங்கா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். போர்க்காலத்தில் கைசர் கம்பெனியின் நான்கு கப்பல் தளங்கள் இங்கே 747 கப்பல் கட்டியிருக்கின்றன. ஒரு கப்பலை அஞ்சு நாள்கூட ஆகாமல் கட்டி முடித்துச் சாதனை காட்டியிருக்கிறார்கள். 1940ல் 23,000 சொச்சம் பேர் இருந்த ஊர் மூன்றே வருஷத்தில் நாலு மடங்காக வீங்கியது. லூசியானா, டெக்சாஸ், ஆர்கன்சா பக்கத்திலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வேலை தேடி வந்தன. வேலை கொடுத்தார்கள். மற்ற பக்கம் வீடு கொடுக்கவில்லை. நார்த் ரிச்மண்ட் மாதிரி, தெருவிளக்கோ சாக்கடையோ சரியாக இல்லாத இடம்தான் கிடைத்தது. 1945ல் போர் முடிந்தது, கப்பல் தளமும் மூடியாயிற்று.

மையத்துக்குப் பக்கத்தில் தண்ணீரை ஒட்டி ஒரு பெரிய செங்கல் கட்டிடம், முழுக்கக் கண்ணாடி ஜன்னல். பூங்கா ரேஞ்சரிடம் அது என்ன என்று கேட்டேன்.

"ஃபோர்டு கார் தொழிற்சாலை. கப்பல் தளம் போன பிறகு இந்த ஊர்ல மிஞ்சின நல்ல வேலைல அதுவும் ஒண்ணு. 1955ல இங்கிருந்து தெற்கே மில்பிடாஸுக்குக் கொண்டுபோயிட்டாங்க."

"மில்பிடாஸ்ல எங்கே?"

"கிரேட் மால் தெரியுமா?"

தெரியுமாவா! 2004ல் நான் அமெரிக்காவில் வந்து இறங்கியதே மில்பிடாஸ் அபார்ட்மெண்ட் ஒன்றில். என் முதல் குளிர் ஜாக்கெட், ஊருக்குக் கொண்டுபோக வாங்கிய சூட்கேஸ், மாமனார் காலுக்குப் பேப்பரில் அளவு வரைந்துகொண்டு போய் வாங்கிய ஷூ, எல்லாம் கிரேட் மாலில்தான். வார இறுதியில் அங்கே நடந்தால் காதில் விழுவதில் பாதி நம் ஊர் பாஷைகளாக இருக்கும். அந்தக் கூரைக்குக் கீழே 1983 வரை கார் செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. எந்த ஊரின் சோற்றுப் பானையை அங்கே தூக்கி வைத்தார்கள் என்பதும் தெரியாது.

தொழிற்சாலை போனபோது தொழிலாளர்களும் கூடப் போகலாம் என்று தொழிற்சங்கம் பேசி வாங்கியிருந்தது. வெள்ளைத் தொழிலாளர்கள் போனார்கள், அங்கே புதிதாகக் கட்டிய வீடுகளை அரசாங்க உத்தரவாதத்தோடு கடனுக்கு வாங்கினார்கள். கறுப்பினத்தவருக்கு அந்த வீடுகளை விற்க மாட்டார்கள். ஆகவே பலர் ரிச்மண்டிலேயே இருந்துகொண்டு, நாலைந்து பேராக ஒரு காரில் ஏறி, போக வர 80 மைலுக்கு மேல் ஓட்டினார்கள். தொழிற்சங்கத்திலிருந்து பென் கிராஸ் என்பவர் விடாமல் போராடி, மில்பிடாஸில் எல்லா இனத்தவரும் வாங்கக்கூடிய ஒரு குடியிருப்பு வர வழி செய்தார். நம் ஆட்கள் நிறையப் பேர் வாடகைக்கு இருக்கும் சன்னிஹில்ஸ்தான் அது. பிறகு அவர் அந்த ஊருக்கே மேயரானார். அது நல்ல கதை. ஆனால் ரிச்மண்டில் மிஞ்சியவர்களுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலை இல்லாத ஊரில் 80களில் கிராக் போதைப்பொருள் வந்தது, கூடவே துப்பாக்கி வந்தது. 1991ல் மட்டும் 62 கொலை.

இது எதுவும் ஒரு பையன் இன்னொரு பையனைச் சுடுவதற்குச் சமாதானம் ஆகாது. ஒரே வரலாற்றில் வளர்ந்த ஆயிரக்கணக்கான பேர் யாரையும் சுடவில்லை. ஆனால் "இவங்க ஏன் இப்படி இருக்காங்க" என்று ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் கையில் தட்டோடு நின்று பேசும்போது, கிரேட் மாலும் நினைவுக்கு வர வேண்டும் என்று தோன்றுகிறது.

கேங்க் என்ற வார்த்தையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தலைவன், தளபதி, உறுப்பினர் பட்டியல் என்று கட்டுக்கோப்பான அமைப்பு ஒன்று நம் கற்பனையில் இருக்கிறது. சில ஊர்களில் அப்படியும் உண்டு. தெற்கே சலினாஸ் என்று ஓர் ஊர், அமெரிக்கா தின்னும் லெட்யூஸ் கீரையில் பெரும்பகுதி விளையும் பூமி. மான்டரே மீன் காட்சியகம் போகும் வழியில் நீங்களும் நின்று ஸ்ட்ராபெர்ரி வாங்கியிருப்பீர்கள். வயல் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே நோர்தேன்யோ, சுரேன்யோ என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். 14 என்றால் வடக்கு, 13 என்றால் தெற்கு. அந்தப் பிரிவினை சிறைச்சாலைக்குள் பிறந்து தெருவுக்கு வந்தது, கட்டளைகளும் சிறையிலிருந்துதான் வரும். 2009ல் அங்கே 29 கொலை. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கிளர்ச்சியை எதிர்கொண்ட அனுபவம் உதவுமா என்று, பக்கத்து மான்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரியின் ஆட்களை நகராட்சியே கூப்பிட்டுக் கேட்டது. கீரைத் தோட்டத்துக்குப் போர்த் தந்திரம்!

ரிச்மண்டின் கறுப்பினப் பையன்கள் கதை வேறு. நாலு தெருவில் ஒன்றாக வளர்ந்தவர்கள், அவ்வளவுதான். தலைவன் கிடையாது, சேர்க்கை கிடையாது. பகைக்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் 'ஃபங்க்'. ஐந்து வருஷம் முன்னால் யாரோ யாரையோ சுட்டிருப்பான். செத்தவனின் தம்பி வளர்ந்திருப்பான். அவனுக்குச் சித்தப்பா பிள்ளை இருப்பான். ஆரம்பம் ஏதென்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. நம் ஊர்ப் பங்காளிச் சண்டையிலாவது எந்த வரப்பில் தொடங்கியது என்று பாட்டி சொல்லிவிடுவாள்.

காகிதத்தில் மட்டும் எல்லோரும் கேங்க்தான். கலிஃபோர்னியா போலீஸ் துறைகள் கேங்க் ஆட்களைப் பதிந்து வைக்கும் கணினித் தரவுத்தளம் ஒன்று உண்டு, பேர் கால்கேங்க். 2016ல் மாநிலத் தணிக்கையாளர் அதைப் புரட்டியபோது, பதிந்த தேதியில் ஒரு வயசுகூட நிரம்பாத 42 பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் 28 பேர் தாங்கள் கேங்க் உறுப்பினர் என்று தாங்களே ஒப்புக்கொண்டதாகக் குறிப்பு வேறு. டேட்டாபேஸில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுபவன் என்ற முறையில் எனக்கு இது சிரிப்பும் கடுப்பும். பிறந்த தேதியைச் சரிபார்க்க ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அந்தப் பட்டியலில் பேர் இருப்பது ஒருவரின் தண்டனையைப் பாதித்திருக்கலாம் என்பதுதான் சிரிப்பை நிறுத்துகிறது.

2011 இலையுதிர் காலத்திலிருந்து இரண்டு வருஷம், செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் ரிச்மண்டில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். டி-ஷர்ட் கடை மனசை உறுத்தியது என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் எங்கள் கம்பெனி தன்னார்வ வேலைக்கு மணிக்கு இவ்வளவு என்று நன்கொடை தரும், தமிழ்ப் பள்ளிக்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது. எனக்கு வாய்த்தது 15 வயசுப் பையன் ஒருவன். நார்த் பக்கம். பின்னம் வராது, ஆனால் மனக்கணக்கில் என்னை மிஞ்சுவான். என்னை 'மிஸ்டர்' என்பான், பேர் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ஒரு நாள் மழை. வீட்டில் விடுகிறேன் என்று காரில் ஏற்றினேன். நேரே போனால் பத்து நிமிஷம். "மிஸ்டர், இந்தப் பக்கம் வேணாம்" என்றான். ஜிபிஎஸ் இதைத்தான் காட்டுகிறது என்றேன். அவன் ஹூடியின் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு, சீட்டைப் பின்னால் சாய்த்து, ஜன்னலுக்குக் கீழே இறங்கிவிட்டான். பத்து நிமிஷமும் பேசவில்லை. தண்டவாளம் தாண்டியதும் எழுந்து உட்கார்ந்து, போன வாரம் விட்ட கணக்கை எடுத்தான்.

மற்ற நாட்களில் எப்படிப் போகிறான் என்று கேட்டேன். ஒரு பஸ் பிடித்து எல் செரிட்டோ வந்து, அங்கிருந்து வேறு பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போவானாம். ஒரு மணி நேரம் ஆகும். எல் செரிட்டோ ஸ்டேஷன் பாதுகாப்பு, அங்கே 'யாருமில்லை' என்றான். நாங்கள் இருக்கிறோமே என்று சொல்ல வாய் வந்தது. அவன் கணக்கில் நாங்கள் சேர்த்தி இல்லை.

"நீ எதிலாவது சேர்ந்திருக்கியா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் பயம்?"

"என் கசின் முகமும் என் முகமும் ஒண்ணு, மிஸ்டர்."

பெரிய நகரத்தில் ஒரு பையன் நாலு மைல் தள்ளிப் போனால் அவனை யாருக்கும் தெரியாது. இங்கே இருப்பது மெக்டொனால்ட் அவென்யூ என்ற ஒரே பெரிய தெரு. லைசென்ஸ் எடுக்க, கோர்ட்டுக்குப் போக, செருப்பு வாங்க, எல்லாவற்றுக்கும் எதிராளி வரும் அதே இடத்துக்குத்தான் நீயும் வர வேண்டும். சுட்டவனும் செத்தவனும் பல சமயம் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவர்களாக இருப்பார்கள். 2010 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, வழிபாடு நடந்துகொண்டிருந்த தேவாலயத்துக்குள் புகுந்து இரண்டு பையன்களைச் சுட்டார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்கள். கோயில் வரை ஃபங்க் வந்துவிட்டது என்று ஊரே பேசியது.

ஊர் சின்னது என்பதே ஒரு வழியையும் காட்டியது. 2007ல் ரிச்மண்ட் நகராட்சி, போலீஸிலிருந்து தனியாக, அக்கம்பக்கப் பாதுகாப்பு அலுவலகம் என்று ஒன்றைத் தொடங்கியது. டெவோன் போகன் என்பவரை இயக்குநராகப் போட்டார்கள். 2009ல் நடந்த துப்பாக்கிக் குற்றங்களில் சுமார் 70 சதவீதத்துக்கு முப்பதுக்கும் குறைவான பேர்தான் காரணம் என்று போலீஸ் தரப்பிலிருந்து அவருக்குத் தெரிய வந்தது. ஒரு லட்சம் பேர் உள்ள ஊரைத் தூங்கவிடாமல் செய்வது ஒரு பள்ளிப் பேருந்தில் அடங்கும் கூட்டம். 2010ல் 25 பேரை நகரமன்றக் கட்டிடத்துக்கே கூப்பிட்டார். 21 பேர் வந்தார்கள்.

அப்படி ஆரம்பித்த திட்டத்துக்கு 'பீஸ்மேக்கர் ஃபெல்லோஷிப்' என்று பேர். 18 மாதம். ஒவ்வொருவனுக்கும் ஓர் ஆள், தினமும் போன் செய்வார், வீட்டுக்கு வருவார், கோர்ட்டுக்குக் கூட வருவார். அந்த ஆட்களும் சாமானியர் இல்லை. பெரும்பாலும் இதே தெருக்களில் வளர்ந்து சிறைக்குப் போய் வந்தவர்கள், இப்போது நகராட்சிச் சம்பளத்தில் இருப்பவர்கள். கேட்டதைப் போலீஸிடம் சொல்ல மாட்டார்கள். லைசென்ஸ் எடுப்பது, பள்ளிப் படிப்பை முடிப்பது, கோபத்தை அடக்கப் பழகுவது என்று அவனே தனக்கு இலக்கு எழுத வேண்டும். ஆறு மாதம் ஒழுங்காக நின்றால் மாதம் 300லிருந்து 1,000 டாலர் வரை உதவித்தொகை, அதிகபட்சம் ஒன்பது மாதம். வெளியூர்ப் பயணமும் உண்டு. அதில் ஒரு நிபந்தனை: எதிர்த் தெருப் பையனோடு சேர்ந்துதான் போக வேண்டும். எனக்கு இந்த இடம்தான் பிடித்தது. கொல்ல நினைத்தவன் விமானத்தில் பக்கத்து சீட்டில் காது அடைத்து முழித்துக்கொண்டிருந்தால், அப்புறம் எப்படி அவன் மேல் பழைய மாதிரி வெறி வரும்?

அந்த வருஷங்களில் ஒரு பொங்கல் விழாப் பந்தியில் இது பெரிய சண்டையானது. "அண்ணே, சுடாம இருக்கறதுக்குச் சம்பளமா? அப்ப ஒழுங்கா படிக்கிற என் பையனுக்கு யார் குடுப்பா?" என்றான் தம்பி மாதிரிப் பழகும் நண்பன். உதவித்தொகை தனியார் நன்கொடையிலிருந்து வருகிறது, வரிப்பணமில்லை என்றேன். அவனுக்கு அது பதிலாகப் படவில்லை. நியாயம்தான், அவன் கேட்டது வேறு கேள்வி. எனக்கும் முதலில் அதே எரிச்சல் இருந்தது. பிறகு நான் நம் பையன்களை எண்ணிப் பார்த்தேன். நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தால் சைக்கிள், ராபாட்டிக்ஸ் போட்டிக்கு ஆர்லாண்டோ டிக்கெட், கோடையில் மாமா கம்பெனியில் இன்டர்ன். இதையெல்லாம் நாம் சம்பளம் என்று சொல்வதில்லை, வளர்ப்பு என்கிறோம். இதைச் சொன்னதும் அவன் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். இரண்டு மாதம் பேசவில்லை.

பணம்தான் வேலை செய்தது என்று நானும் நம்பவில்லை. மாதம் ஆயிரம் டாலர் வாடகைக்குக்கூடக் காணாது. தினமும் ஒருவர் போன் செய்து "எங்கடா இருக்கே, சாப்பிட்டியா, இன்னிக்கு வெளியே போகாதே" என்று கேட்டதுதான் வேலை செய்திருக்கும் என்று என் ஊகம். பணம் அந்த போனை எடுக்க வைத்தது.

கொலை எண்ணிக்கை 2013ல் 16, 2014ல் 11. 2019ல் அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழில் வந்த ஆய்வு, இந்தத் திட்டம் வந்த பிறகு துப்பாக்கியால் நேர்ந்த சாவுகளும் மருத்துவமனை வருகைகளும் வருஷத்துக்கு 55 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டது. அதே ஆய்வில் இன்னொரு வரியும் உண்டு, ஆதரவாளர்கள் அதை அதிகம் சொல்வதில்லை: துப்பாக்கி இல்லாத வன்முறையில் சாவும் காயமும் 16 சதவீதம் கூடியிருக்கிறது. கையும் கத்தியும். என் கணக்கில் அதுவும் முன்னேற்றம்தான், உடைந்த மூக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் சொல்லாமல் விடுவது சரியில்லை.

எல்லாப் புகழையும் ஓர் அலுவலகத்துக்கே தருவதும் சரியில்லை. வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரிலிருந்து வந்த கிறிஸ் மேக்னஸ் 2006 முதல் பத்து வருஷம் அங்கே போலீஸ் தலைவர். ஒரே போலீஸ்காரரை ஒரே வட்டாரத்தில் வருஷக்கணக்கில் வைத்திருந்தார், தெருவுக்கு அவரைத் தெரியும், அவருக்குத் தெருவைத் தெரியும். அலுவலகம் வருவதற்கு முன்பே, 2006ல், மக்கள் தாங்களாகவே பூங்காக்களில் கூடாரம் அடித்து வாரக்கணக்கில் தங்கிச் சாவுகளை எதிர்த்தார்கள். ஊரை விட்டுப் போனவர்களும் ஏராளம். 1990ல் ரிச்மண்டில் கறுப்பினத்தவர் 40 சதவீதத்துக்கு மேல். 2020 கணக்கெடுப்பில் அதில் பாதிகூட இல்லை. வாடகை விரட்டி, ஆன்டியாக், வலேஹோ என்று தள்ளித் தள்ளிப் போய்விட்டார்கள். என் செவ்வாய்க்கிழமைப் பையன் குடும்பமும் 2013ல் ஆன்டியாக் போனது. போகும்போது அவன் அம்மா என்னிடம், அங்கே பள்ளிக்கு நேர் வழியிலேயே நடந்து போகலாமாம் என்றார். அதன் பிறகு தொடர்பு இல்லை. குறைந்த கொலைகளில் எத்தனை அலுவலகத்தால், எத்தனை போலீஸால், எத்தனை இப்படி லாரியில் ஏறிப் போனதால் என்று எந்த ஆய்வாலும் முழுசாகப் பிரித்துவிட முடியாது என்று நினைக்கிறேன்.

போகன் இந்த முறையை வேறு ஊர்களுக்குக் கொண்டுபோக 2016ல் அட்வான்ஸ் பீஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். சாக்ரமெண்டோ, ஸ்டாக்டன், ஃப்ரெஸ்னோ எல்லாம் எடுத்துக்கொண்டன. 2025 ஏப்ரலில் மத்திய நீதித் துறை, நாடெங்கும் இந்த வகை வேலைக்குக் கொடுத்திருந்த மானியங்களில் பலவற்றைப் பாதியில் நிறுத்திவிட்டது. போன் செய்யும் ஆளுக்குச் சம்பளம் நின்றால் போன் வராது.

ரிச்மண்டில் 2023ல் விழுந்த கொலைகள் 8. 23ஆம் தெருக் கடை இன்னும் இருக்கிறது, இப்போது மகள் பார்த்துக்கொள்கிறாள். போன வருஷம் தமிழ்ப் பள்ளிக்கு 140 சட்டை அடித்தேன். கண்ணாடியில் மாட்டியிருந்தவை கால்பந்து அணி, பெண் பிள்ளையின் பதினைந்தாம் பிறந்தநாளான கின்சன்யேரா விழா, ஒரு டாக்கோ வண்டியின் சீருடை. முகம் போட்ட சட்டை ஒன்றுதான் இருந்தது. 'சூரிய உதயம்' என்ற இடத்தில் 1938 என்று போட்டிருந்தது. யாரோ ஒரு தாத்தா, தலையில் கௌபாய் தொப்பியோடு.

2020லிருந்து பார்ட்டில் ஆரஞ்சு ரயில் ரிச்மண்டிலிருந்து நேரே மில்பிடாஸுக்கே போகிறது. ஃபோர்டு போய் 65 வருஷம் கழித்து. நான் அதில் ஒரு தடவை முழு நீளமும் போனேன், ஒன்றே கால் மணி நேரத்துக்குக் குறையவில்லை.

பாயசத்தைப் பாதியில் விட்டு எழுந்து போன நண்பன் சென்ற மாதம் போன் செய்தான். "அண்ணே, ரிச்மண்ட்ல ஒரு வீடு வருது. நாலு பெட்ரூம். நம்ம பக்கம் மாதிரி விலை இல்ல. ஆனா ஸ்கூல் ரேட்டிங் பார்த்தாதான் யோசனையா இருக்கு. நீங்க அங்கெல்லாம் போயிருக்கீங்களே, எப்படி?"

எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னான். அந்தப் பையன் சீட்டுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்த பத்து நிமிஷத்தில் அந்தத் தெருவும் ஒன்று.

"சனிக்கிழமை ரயில்ல வா. கடைசி ஸ்டேஷன்ல இறங்கு, நடந்தே போய்ப் பார்ப்போம்" என்றேன்.

"நடந்தேவா? கார்லயே வந்துடறேண்ணே" என்றான்.